புளோரிடாவில் எங்கே குடியேறலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சி, மிச்சிகன், இல்லினாய் பக்கம் பனி அள்ளிச் சலித்துப்போன தமிழ்க் குடும்பங்கள் பல இப்போது புளோரிடா பக்கம் பார்வையைத் திருப்பியிருக்கின்றன. நான் டாம்பா பக்கம் குடும்பத்தோடு வசிப்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் அடிக்கடி வருகின்றன. பெரும்பாலும் "எந்த ஊர் நல்லது?" என்றுதான் பேச்சு தொடங்கும். ஊர்ப் பெயரைவிட, வீடு நிற்கிற தரை எவ்வளவு உயரம், அது எந்த ஆண்டில் கட்டியது என்ற இரண்டும்தான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் கீழே உள்ள பதில்களில் தண்ணீரும் இன்சூரன்ஸும் அதிக இடம் பிடித்திருக்கும்.

பள்ளிக்குப் போகிற பிள்ளைகளோடு வருகிறோம். சுருக்கமாக, எந்தப் பக்கம் பார்க்கலாம்?

மூன்று பக்கம் சொல்வேன். முதலாவது, டாம்பாவுக்கு வடக்கே நியூ டாம்பா, வெஸ்லி சாப்பல். ஐ-75 நெடுஞ்சாலையை ஒட்டிக் கடலிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கும் பகுதி. நம்மவர்கள் நிறைய. இரண்டாவது, ஆர்லாண்டோவுக்கு வடக்கே செமினோல் கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு): லேக் மேரி, ஓவியடோ, விண்டர் ஸ்பிரிங்ஸ். மூன்றாவது, ஜாக்சன்வில்லுக்குத் தெற்கே செயின்ட் ஜான்ஸ் கவுன்டி. பள்ளிகளுக்குப் பேர்போன இடம்.

மயாமி பக்கம் வேலை கிடைத்தால் பிராவார்ட் கவுன்டியில் வெஸ்டன், பார்க்லாண்ட், கோரல் ஸ்பிரிங்ஸ் என்று பார்ப்பார்கள். வீட்டு விலையும் இன்சூரன்ஸும் அங்கே வேறு உயரத்தில் இருக்கும். வேலையே அங்கேதான் என்றால் போகலாம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர் அங்கே போய்ச் செலவை ஏற்றிக்கொள்ளக் காரணம் இல்லை.

புளோரிடா வந்துவிட்டுக் கடற்கரையில் வீடு வாங்காமல் எப்படி?

ஆசை புரிகிறது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மாலைப் பொழுதைக் கழித்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் கால் தானாகப் போகும். ஆனாலும் என் பதில்: கரையில் வாங்காதீர்கள். அரை மணி நேரம் உள்ளே தள்ளி வீட்டை வைத்துக்கொண்டு, வாரக்கடைசியில் காரில் போய்க் கடல் பாருங்கள்.

காரணத்தை 2024-ஐ வைத்தே சொல்லலாம். செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் மாநிலத்தின் வடமேற்கே, பெர்ரி ஊர்ப் பக்கம் கரையேறியது. டாம்பாவை அது நேராகத் தொடவே இல்லை. புயலின் மையம் நூறு மைலுக்கும் அப்பால்தான் கடந்து போனது. அப்படியும் டாம்பா வளைகுடாவில் கடல் ஆறேழு அடி ஏறி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் தாழ்வான தெருக்களுக்குள்ளும் கடலோரத் தீவு ஊர்களுக்குள்ளும் புகுந்தது. காற்றில் ஓடுகூடப் பெயராத வீடுகளில் உப்புத்தண்ணீர் சுவர்ப் பலகைக்குள் ஏறிவிட்டது. அந்தச் சாமான்கள் தெருவோரம் மலையாகக் கிடந்தபோதே, இரண்டு வாரத்துக்குள் அக்டோபர் 9-ம் தேதி மில்டன் வந்தது. டாம்பாவைத்தான் அடிக்கும் என்று எல்லோரும் நினைத்திருக்க, அது தெற்கே சரசோட்டா பக்கம் சியெஸ்டா கீயில் கரையேறியது. புயல் சற்றுத் தெற்கே போனதால் டாம்பா வளைகுடாவின் தண்ணீர் கடலை நோக்கி உறிஞ்சப்பட்டது. வடக்கே போயிருந்தால் அதே தண்ணீர் ஊருக்குள் வந்திருக்கும். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2022 செப்டம்பர் 28-ல் இயன் புயல் ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையை என்ன செய்தது என்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

இங்கே வீட்டை அழிப்பதில் காற்றைவிடக் கடலுக்குப் பங்கு அதிகம். மேற்குக் கரையில் கடலடித் தரை வெகுதூரம் ஆழமில்லாமல் சரிந்து போகிறது. அதனால் புயல் தள்ளுகிற தண்ணீர் கீழே இறங்க இடமில்லாமல் கரை மேல் ஏறுகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெள்ள மண்டலம், வெளியேற்ற மண்டலம் என்று இரண்டு சொல்கிறார்களே, ஒன்றுதானா?

இல்லை, வேறு வேறு. புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

வெள்ள மண்டலம் என்பது ஃபீமா என்ற மத்திய அமைப்பு வரைந்த வரைபடம். மழை, ஆறு, ஏரி, கடல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது. விஇ என்றால் அலையே வந்து மோதும் இடம். ஏஇ என்றால் ஓர் ஆண்டில் வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள இடம். முப்பது ஆண்டுக் கடனுக்குக் கணக்குப் போட்டால் நாலில் ஒரு பங்கை நெருங்கிவிடும். இந்த மண்டலங்களில் வங்கிக் கடன் வாங்கினால் வெள்ளக் காப்பீடு கட்டாயம். எக்ஸ் என்றால் ஆபத்து குறைவு.

வெளியேற்ற மண்டலம் கவுன்டி தருவது. ஏ, பி, சி, டி, இ என்று எழுத்து இருக்கும். புயலோடு கடல் ஏறினால் எந்த வரிசையில் மக்களைக் கிளப்புவது என்பதற்கான வரைபடம் இது. வீட்டு முகவரியைக் கவுன்டி இணையதளத்தில் போட்டால் எழுத்து வந்துவிடும். சில வீடுகள் எக்ஸ் வெள்ள மண்டலத்தில் இருந்துகொண்டே பி வெளியேற்ற மண்டலத்திலும் இருக்கும். அதாவது வங்கி காப்பீடு கேட்காது. புயல் வந்தால் போலீஸ் கிளம்பச் சொல்லும்.

நான் சொல்வது: வெள்ள மண்டலம் எக்ஸ் ஆகவும், வெளியேற்ற எழுத்தே இல்லாததாகவும் இருக்கிற வீட்டை மட்டும் பட்டியலில் வையுங்கள். 2024 அக்டோபர் முதல், வீட்டுக்காக வெள்ள இழப்பீடு கேட்டதோ மத்திய அரசின் வெள்ள நிவாரண உதவி பெற்றதோ உண்டா என்பதை விற்பவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் உள்ளே தள்ளி வாங்கினால் வெள்ளமே வராதா?

வரும். கடல் வராது, மழை வரும். இயன் கரையேறியது தென்மேற்கில். ஆனால் கடலே இல்லாத ஆர்லாண்டோவில் ஓர்லோ விஸ்டா பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் போனது. மில்டனின்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரே நாளில் 18 அங்குலத்துக்கும் மேல் மழை. 2023 ஏப்ரல் 12-ல் ஃபோர்ட் லாடர்டேலில் புயலே இல்லாமல் ஏறத்தாழ 26 அங்குலம் கொட்டி விமான நிலையத்தையே மூடவைத்தது.

2015 டிசம்பரில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் சொந்தக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமான கதை: ஏரிக்குப் பக்கம், ஏரி வடிகிற வழி, பள்ளமான தெருக்கோடி. அங்கே கேட்கிற அதே கேள்விகளை இங்கேயும் கேளுங்கள். குடியிருப்புக்குள் அழகாகத் தெரிகிற குளம் பெரும்பாலும் மழைநீர் பிடிக்க வெட்டியது. வீட்டுத் தரை அந்தக் குளத்தைவிட எத்தனை அடி உயரம் என்று நேரில் போய்ப் பாருங்கள். முடிந்தால் ஆகஸ்டில், நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் "மில்டன் அன்றைக்குத் தெருவில் தண்ணீர் நின்றதா?" என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

எக்ஸ் மண்டலமானாலும் வெள்ளக் காப்பீடு எடுங்கள். ஆபத்து குறைந்த இடத்துக்குத் தொகையும் பெரும்பாலும் குறைவாகவே வரும். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்துக்கு ஒரு டாலர்கூடத் தராது. மத்திய அரசின் திட்டத்தில் கட்டடத்துக்கு 2.5 லட்சம் டாலர், சாமான்களுக்கு 1 லட்சம் டாலர்வரை கிடைக்கும். வீடு வாங்கும்போது கடனோடு சேர்த்து எடுத்தால் அன்றே நடைமுறைக்கு வரும். பிறகு எடுத்தால் 30 நாள் காத்திருக்க வேண்டும். வானிலைச் செய்தியில் புயல் படம் வந்த பிறகு எடுத்து ஒரு பயனும் இல்லை.

வீட்டு இன்சூரன்ஸ் உண்மையிலேயே அவ்வளவு அதிகமா?

நாட்டிலேயே மிக அதிகமான மாநிலங்களில் ஒன்று. ஒரே விலையுள்ள இரண்டு வீடுகளுக்கு நடுவே தொகை இரண்டு மூன்று மடங்கு மாறும். எதனால் என்று தெரிந்தால் பாதிச் செலவை வீடு தேடும்போதே குறைக்கலாம்.

கட்டிய ஆண்டைப் பாருங்கள். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் ஊரைத் தரைமட்டமாக்கியது. மோசமாகக் கட்டிய வீடுகள் அட்டைப் பெட்டிபோலப் பிரிந்து போயின. அதன் விளைவாக மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதி 2002 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. கூரையைச் சுவரோடு உலோகப் பட்டையால் இறுக்குவது, ஜன்னலுக்குப் பாதுகாப்பு என்று பல விஷயம் அதில் வந்தன. எனவே 2002-க்குப் பிறகு கட்டிய வீடு என்பது என் கணக்கில் கட்டாயம்.

அடுத்தது கூரை. தார் ஓடு போட்ட கூரை 15 வயதை நெருங்கினாலே கம்பெனிகள் தயங்க ஆரம்பிக்கும். வீடு வாங்கும் பேச்சில் கூரை எந்த ஆண்டு மாற்றியது என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். பழைய கூரை என்றால், மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், காற்றுத் தாங்கும் திறன் பற்றிய ஆய்வறிக்கை ஒன்று உண்டு. ஆய்வாளர் வந்து கூரை ஆணி, பட்டை, ஷட்டர் எல்லாம் பார்த்து எழுதித் தருவார். அதைக் காட்டினால் தள்ளுபடி தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். கான்கிரீட் கட்டையால் கட்டிய சுவர், மரச்சட்டச் சுவரைவிடக் குறைந்த தொகைக்கு வரும்.

தனியார் யாரும் எடுக்க மறுத்தால் சிட்டிசன்ஸ் என்ற மாநில நிறுவனம் இருக்கிறது, 2002-ல் ஏற்படுத்தியது. அது கடைசிப் புகலிடம். ஒரு தனியார் கம்பெனி அதைவிட 20 சதவீதத்துக்குள் கூடுதலாக விலை சொன்னாலே சிட்டிசன்ஸில் இருக்க முடியாது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. புயல் சேதத்துக்கு உங்கள் கைப்பணம் தனிக் கணக்கு. அது பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். வீட்டை 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்து, புயல் கழிவு 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்களுடையது. 5 சதவீதம் என்று எழுதியிருந்தால் 20,000. மாதத் தவணை குறைவாகத் தெரிகிற பாலிசியில் இந்த எண் பெரிதாக இருக்கும்; கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்.

மாநில வருமான வரி இல்லையாமே? மிச்சம் எவ்வளவு?

இல்லை, உண்மைதான். மாநில அரசியலமைப்பே தடுக்கிறது. நியூ ஜெர்சியிலிருந்தோ கலிபோர்னியாவிலிருந்தோ வருகிற இரண்டு சம்பளக் குடும்பத்துக்கு இது நல்ல மிச்சம். ஆனால் அந்த மிச்சத்தை வீட்டுக் காப்பீடு, கார் காப்பீடு, சுங்கச் சாலை மூன்றும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் ஆண்டு முழுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விற்பனை வரி மாநிலத்துக்கு 6 சதவீதம், அதன் மேல் கவுன்டி கொஞ்சம் சேர்க்கும். சமையலுக்கு வாங்கும் அரிசி பருப்பு காய்கறிக்கு வரி கிடையாது.

நியூ யார்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் கவனிக்க: கம்பெனியின் தேவைக்காக இல்லாமல் உங்கள் வசதிக்காக வெளியூரில் இருந்தால், அந்தச் சம்பளத்துக்கு நியூ யார்க் தன் வரியைப் பிடிக்கும். புளோரிடா முகவரி மட்டும் காப்பாற்றாது.

சொத்து வரியில் ஏதோ பொறி இருக்கிறதாமே?

இருக்கிறது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் என்ற சொத்து வரிச் சலுகை உண்டு (மேலே சொன்ன ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). அதோடு, வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் 3 சதவீதம்தான் ஏறலாம்; பணவீக்கம் அதைவிடக் குறைவென்றால் அந்த அளவுதான். பதினைந்து இருபது ஆண்டு அதே வீட்டில் இருப்பவர் கட்டும் வரி சந்தை மதிப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் குறைவாக இருக்கும். வீடு கைமாறியதும் அடுத்த ஜனவரி 1-ல் மதிப்பு சந்தை விலைக்குத் தாவிவிடும். விளம்பரத்தில் "சென்ற ஆண்டு வரி" என்று போட்டிருப்பது விற்பவரின் வரி. உங்களுடையது அதில் இரண்டு மடங்காகக்கூட வரலாம். கவுன்டியின் மதிப்பீட்டு அலுவலக இணையதளத்தில் வாங்கும் விலையைப் போட்டால் புது வரியைக் கணக்கிட்டுக் காட்டும். அதை வைத்தே மாதத் தவணையைக் கணக்கிடுங்கள்.

புதுக் குடியிருப்புகளில் சிடிடி என்று ஒரு வரி இருக்கும். சாலை, வடிகால், பூங்கா போடக் கட்டுமானத்தின்போது கடன் வாங்கியிருப்பார்கள். அதை வீட்டுக்காரர்கள் பல ஆண்டு கட்டித் தீர்ப்பார்கள். வெஸ்லி சாப்பல் பக்கம் இது சர்வசாதாரணம், ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் போகும். எச்ஓஏ என்ற வீட்டு உரிமையாளர் சங்கச் சந்தா அதற்கும் மேல் தனி.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஹோம்ஸ்டெட் கிடைக்காது என்று பலர் விண்ணப்பமே போடுவதில்லை. தற்காலிக விசாவில் இருப்பவருக்குப் பொதுவாகக் கிடைக்காதுதான். ஆனால் அந்த வீட்டில் நிரந்தரமாக வசிக்கும் உங்கள் குழந்தை அமெரிக்காவில் பிறந்த குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்தால் சலுகை உண்டு என்று 2012-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

எச்-1பி, கிரீன் கார்டு நடந்துகொண்டிருக்கிறது. ஊர் மாறலாமா?

அவசரப்படாதீர்கள். வேறொரு பெருநகர வட்டாரத்துக்கு வேலையிடம் மாறினால், மாறும் முன்பே கம்பெனி தொழிலாளர் துறையிடம் புது எல்சிஏ (சம்பளம், வேலையிடம் பற்றிய விண்ணப்பத்துக்கான ஒப்புதல்) வாங்கி விசா மனுவைத் திருத்திப் போட வேண்டும். வீட்டிலிருந்தே வேலை என்றாலும், அந்த வீடுதான் வேலையிடம். ஹெச்ஆரிடம் சொல்லாமல் பெட்டி கட்டுவது ஆபத்து.

பெர்ம், அதாவது கிரீன் கார்டுக்கான தொழிலாளர் துறைச் சான்று, இன்னும் பெரிய விஷயம். அது ஒரு குறிப்பிட்ட இடத்து வேலைக்கானது. வட்டாரம் மாறினால் பெரும்பாலும் புதிதாகத் தொடங்க வேண்டிவரும். ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) ஏற்கெனவே ஒப்புதல் ஆகியிருந்தால் பழைய முன்னுரிமைத் தேதியை, அதாவது வரிசையில் உங்கள் இடத்தை, எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ஐ-140 கைக்கு வரும்வரை பொறுத்திருப்பது நல்லது. ஹில்ஸ்பரோ, பினெல்லஸ், பாஸ்கோ, ஹெர்னாண்டோ நான்கு கவுன்டிகளும் ஒரே டாம்பா வட்டாரம். அதற்குள் வீடு மாற்றினால் திருத்த மனு தேவைப்படாது.

வேலை எங்கே கிடைக்கும்?

டாம்பாவில் வங்கி, நிதித் துறையின் பின்னணி அலுவலகங்கள் அதிகம்: சிட்டி, ஜேபி மார்கன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரேமண்ட் ஜேம்ஸ். மின்னணுத் தயாரிப்புக்கு அங்கேயே ஜேபில். மருத்துவ ஆய்வுக்கு மாஃபிட் புற்றுநோய் மையம். ஜாக்சன்வில்லில் எஃப்ஐஎஸ், புளோரிடா புளூ, மேயோ கிளினிக், சிஎஸ்எக்ஸ் ரயில்வே. ஆர்லாண்டோ என்றால் டிஸ்னி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். லாக்ஹீட் மார்ட்டினும், பல்கலைக்கழகத்தை ஒட்டிய ராணுவப் பயிற்சிக்கான சிமுலேஷன் (கணினிப் பாவனை) தொழிலும் பெரியவை. ஆனால் அதிலும், மெல்போர்ன் பக்கத்து விண்வெளி நிறுவனங்களிலும் பல வேலைகளுக்குக் குடியுரிமை கேட்பார்கள்.

சம்பளம் வடகிழக்கைவிடக் குறைவு. இந்த வேலை போனால் அடுத்த வேலை அதே ஊரில் எவ்வளவு சுலபம் என்பதையும் யோசியுங்கள். டாலஸ், அட்லாண்டா அளவுக்கு ஐடி சந்தை இங்கே ஆழமில்லை.

பள்ளி, கல்லூரி?

கவுன்டி முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். நியூ ஜெர்சிபோல ஊருக்கொன்று கிடையாது. 67 கவுன்டிக்கு 67 மாவட்டம். ஆகவே ஒரே மாவட்டத்துக்குள் நல்ல பள்ளியும் சுமாரான பள்ளியும் கலந்திருக்கும். முகவரிக்குரிய பள்ளியைத் தேடிப் பாருங்கள். வேகமாக வளரும் பாஸ்கோ, செயின்ட் ஜான்ஸ் பகுதிகளில் புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் எல்லையை மாற்றி வரைகிறார்கள். "இந்தப் பள்ளிக்காகத்தான் இந்த வீடு" என்று வாங்கியவர்கள் இரண்டு ஆண்டில் வேறு பள்ளிக்குப் போக நேர்ந்ததுண்டு.

கல்லூரிதான் இந்த மாநிலத்தின் பெரிய வரம் என்பேன். கெய்ன்ஸ்வில்லில் இருக்கும் புளோரிடா பல்கலைக்கழகத்தில் மாநிலவாசிகளுக்கு ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 6,400 டாலர்தான். அதையும் பிரைட் ஃபியூச்சர்ஸ் உதவித்தொகையில் முழுதாகப் பெறலாம். மேல்நிலை உதவிக்கு 3.5 மதிப்பெண் சராசரி, தேர்வு மதிப்பெண், 100 மணி நேரத் தொண்டு அல்லது சம்பள வேலை தேவை. குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். எச்-4 விசாவில் (எச்-1பி-காரரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகளுக்குக் கிடையாது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் முன்பே வந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும்.

தனி வீடு வேண்டாம், கடல் தெரிகிற காண்டோ பரவாயில்லையா?

பழைய காண்டோ (அடுக்குமாடியில் ஒரு வீடு) என்றால் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2021 ஜூன் 24 அதிகாலை சர்ஃப்சைடில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் சரிந்து 98 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டப்படி, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோக்கள் 30 வயதில் கட்டமைப்பு ஆய்வு செய்ய வேண்டும், பழுதுக்கான நிதியைச் சேர்த்து வைக்க வேண்டும். மக்கள் உயிருக்கு மிகவும் தேவையான சட்டம். ஆனால் பல ஆண்டு சேர்க்காமல் விட்ட பணத்தை இப்போதைய உரிமையாளர்களிடம் ஒரேயடியாகக் கேட்கிறார்கள். விலை குறைவாகத் தெரிகிற காண்டோ அதனால்தான் குறைவாக இருக்கும். ஆய்வறிக்கையையும் நிதிக் கணக்கையும் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சென்னை வெயில் பார்த்தவர்களுக்கு இது என்ன பெரிய வெயில்?

வெப்பமானி சென்னை மே மாதம் அளவுக்குப் போகாது. புழுக்கம் அதே புழுக்கம்தான், மே முதல் அக்டோபர்வரை விடாது. மழைக்காலம் நமக்கு நேர் எதிர்: ஐப்பசி கார்த்திகையில் காய்ந்து இதமாக இருக்கும், ஆனி, ஆடி, ஆவணியில் பிற்பகல் தோறும் இடியோடு கொட்டும். இரண்டு பக்கக் கடற்காற்றும் நடுவில் மோதுவதால் வரும் மழை அது. மின்னல் மிக அதிகம்; இடி கேட்டதும் பிள்ளைகளை நீச்சல் குளத்திலிருந்து வெளியே கூப்பிடுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைப்பதென்றால் நவம்பர் முதல் மார்ச்வரை. அவர்கள் காலை நடை போய்வர இதைவிட நல்ல இடம் அமெரிக்காவில் இல்லை. ஆர்லாண்டோவிலிருந்து துபாய்க்கு எமிரேட்ஸ் நேராகப் பறக்கிறது. அங்கிருந்து சென்னை ஒரே மாற்றம்தான்.

கறிவேப்பிலை, முருங்கை, மா வளருமா?

தெற்கே மயாமி, ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் தாராளமாக. ஹேடன், கென்ட், கீட், டாமி அட்கின்ஸ் என்று உலகமெங்கும் விற்கும் மாம்பழ வகைகள் தெற்கு புளோரிடாவில் பிறந்தவை. ஹேடனின் தாய் மரம், 1889-ல் இந்தியாவிலிருந்து வந்த மல்கோபா. டாம்பா, ஆர்லாண்டோவில் சில குளிர்கால இரவுகளில் போர்த்திவிட வேண்டும். ஜாக்சன்வில்லில் உறைபனி உண்டு. தொட்டியில் வைத்து உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து கறிவேப்பிலைச் செடி கொண்டுவர வேண்டாம். எலுமிச்சை வகை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழும். 2005-ல் இங்கே கண்டறியப்பட்ட அந்த நோய் ஆரஞ்சுத் தோட்டங்களைச் சீரழித்துவிட்டது. உள்ளூர் நாற்றங்காலில் வாங்குங்கள்.

கோயில், தமிழ்ப் பள்ளி?

டாம்பாவில் தென்னிந்திய ராஜகோபுரத்தோடு இந்து டெம்பிள் ஆஃப் புளோரிடா. ஆர்லாண்டோ பக்கம் காசல்பெரியில் ஒன்று, பிராவார்டில் சிவ விஷ்ணு கோயில். டாம்பா, ஆர்லாண்டோ, ஜாக்சன்வில், தெற்கு புளோரிடா எல்லா இடத்திலும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. நியூ ஜெர்சி எடிசன் மாதிரி நடந்து போகிற தூரத்தில் நாலு உணவகம் எதிர்பார்க்காதீர்கள்.

பூமி உள்வாங்குமாமே, முதலை வருமாமே?

அடியில் சுண்ணாம்புப் பாறை என்பதால் டாம்பாவுக்கு வடக்கே பாஸ்கோ, ஹெர்னாண்டோ பக்கம் நிலம் உள்வாங்கும் பள்ளங்கள் உண்டு. வீடு குடியிருக்க முடியாதபடி புதைந்தால்தான் சாதாரண பாலிசி தரும். விரிசலுக்குத் தனி இணைப்பு எடுக்க வேண்டும். முதலை குளங்களில் சகஜம். அந்தி நேரத்தில் கரையோரம் குழந்தையை, நாயை விடாதீர்கள்; அவ்வளவுதான்.

வந்ததும் வாங்குவதா, வாடகைக்கு இருப்பதா?

ஓர் ஆண்டு வாடகை. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம்; அதை ஒரு முறை முழுதாக இருந்து பார்க்க வேண்டும். மில்டனுக்கு முன் பெட்ரோல் பங்குகளில் நின்ற வரிசை, ஐ-75-ல் ஊர்ந்த வண்டிகள், மின்சாரம் போன இரவுகள் – இதெல்லாம் உங்கள் குடும்பத்துக்குத் தாங்குமா என்பதை அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்ள முடியாது. எந்தச் சாலையில் எந்த நேரம் நெரிசல், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்பதும் அந்த ஆண்டில் தெரிந்துவிடும். வீட்டு விலை அதற்குள் ஏறிவிடும் என்று தரகர் சொல்வார். ஏறினாலும், தவறான தெருவில் வாங்கிவிட்டு விற்று வெளியேறும் செலவைவிட அது குறைவு.

வாங்கும்போது எல்லோரிடமும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்குவார்கள். சீனா, ரஷ்யா, ஈரான் போன்ற சில நாட்டவர் சொத்து வாங்குவதற்கு 2023-ல் வந்த கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி கேட்பது அது. இந்தியா அதில் இல்லை, பயப்படாமல் கையெழுத்திடலாம்.

குடியேறியதும் உடனே செய்ய வேண்டியது என்ன?

ஓட்டுநர் உரிமத்தை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். வேலையில் சேர்ந்தாலோ பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாலோ 10 நாளுக்குள் காரைப் பதிவு செய்ய வேண்டும். முதல் முறைப் பதிவுக்கு 225 டாலர் தனிக் கட்டணம். கார் காப்பீட்டில் ஒரு விஷயம் கவனியுங்கள்: மற்றவர் உடல் காயத்துக்கான காப்பீடு இங்கே எல்லா ஓட்டுநருக்கும் கட்டாயமில்லை. உங்களை இடிப்பவரிடம் ஒன்றும் இல்லாமல் போகலாம். ஆகவே காப்பீடில்லாத ஓட்டுநர் இடித்தால் உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பைக் கட்டாயம் சேருங்கள். வீடு வாங்கியிருந்தால் ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அடுத்த மார்ச் 1. இந்தியப் பாஸ்போர்ட், ஓசிஐ வேலைகளுக்கு இனி அட்லாண்டா துணைத் தூதரகம்.